தலைமை டாக்டரின் கடவுச்சொல்

"நீங்கள் யாரென்று தெரியவில்லை" என்று இருபத்தோராவது தடவையாகவும் முகத்தில் அடித்தாற்போல் பதில் வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து கெஞ்சாத குறை, வாசலைத் தாண்ட விட்டால்தானே.

கோபித்துக்கொள்ளவும் வழியில்லை, பதில் சொன்னது கம்ப்யூட்டர். ஓர் ஆஸ்பத்திரியின் புது இணையதளத்துக்கு, ஊழியர்கள் உள்ளே நுழையும் பக்கத்தை அவர் எழுதிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியின் பழைய டேட்டாபேஸில் பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கெனவே இருந்தன. சரியாக அடிப்பவரை உள்ளே விட வேண்டும், மற்றவரைத் துரத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை.

கடவுச்சொல்லை யாரும் முழுசாக வைத்திருப்பதில்லை, மாவாக அரைத்துத்தான் வைப்பார்கள். மாவைப் பார்த்து அரிசியைச் சொல்ல முடியாது. நாம் அடிப்பதையும் அதே பக்குவத்தில் அரைத்து, இரண்டும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். சோதித்துப் பார்க்கத் தலைமை டாக்டர் தன்னுடையதையே துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்: ஒரு பறவையின் பெயர், அதன் பின்னால் 4162.

இவர் புதிதாகச் சேர்த்த தன் சொந்தக் கணக்கு மட்டும் சமர்த்தாகத் திறந்தது. டாக்டருடையது திறக்கவே இல்லை. அப்படியென்றால் பழைய மாவை அரைத்த பக்குவம் தனக்குப் பிடிபடவில்லை என்றுதானே அர்த்தம்?

விடிந்த வேளையே சரியில்லை. வந்ததும் வராததுமாகக் காபியைத் தன் கீபோர்டில் கொட்டிவிட்டு, அடுத்த மேசை ஓரத்தில் கிடந்த ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். நாற்பத்தெட்டு வயதில், எட்டு மாதம் வீட்டில் சும்மா இருந்த பிறகு கிடைத்த வேலை. மூன்று மாதச் சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது. "இன்னிக்குப் பர்மனென்ட் ஆயிடும்லப்பா?" என்று மகள் வாசல்வரை வந்து கேட்டிருந்தாள்.

பத்து மணிக்கு, பக்கம் எப்போது தயாராகும் என்பதை மேனேஜரம்மாவுக்குக் கம்ப்யூட்டரிலேயே செய்தியாகத் தட்டி அனுப்பினார். அந்த அம்மாள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"மாலை மணிக்குத் தயார்னு அனுப்பியிருக்கீங்க. எத்தனை மணின்னு போடவே இல்லையே சார்?"

பதற்றத்தில் விட்டுப்போயிருக்கும் என்று அசடு வழிந்துவிட்டு, நாலு மணி என்று வாயால் சொன்னார். அந்த நாலு மணிக்குத்தான் தலைமை டாக்டர் நேரில் வருவதாக ஏற்பாடு.

ஒப்பிட்டுப் பார்க்கும் பகுதியை மூன்று தடவை அழித்து எழுதினார். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. சீட்டை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடித்தார். திரையில் வரிசையாகப் புள்ளிகள் விழுந்தன, பழைய பதிலே வந்தது. எதிர் வரிசைப் பிள்ளைகளிடம் கேட்கலாமென்றால், இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்களோ என்று நாக்கு எழவில்லை.

மூன்றரைக்கு வீட்டிலிருந்து, "ஆச்சா?" என்று செய்தி வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தார். தலை நரைத்த பிறகு இந்தத் தொழிலில் தனக்கு இடமில்லை என்று அப்போதே முடிவுகட்டிவிட்டார். டாக்டர் முன்னால் அவமானப்படுவதைவிட, தானே போய்ச் சொல்லிவிடுவது மேல்.

"என்னால முடியலைம்மா" என்றார் மேனேஜர் அறையில்.

அந்த அம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். அங்கே, வேலையை வேறு கம்பெனிக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். போனை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"உண்மையைச் சொன்னீங்க, அது போதும் சார். ஆனா நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்."

இருக்கைக்குத் திரும்பி, திறக்காத டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தார். வீட்டில் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. காலையிலிருந்து வெளிவேலையாகப் போயிருந்த அடுத்த மேசைப் பெண் அப்போதுதான் வந்து உட்கார்ந்தாள். போகிற நேரத்தில் அடுத்தவர் பொருள் எதற்கு என்று கீபோர்டைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"நீங்க இல்லாதப்போ கேக்காம எடுத்துட்டேம்மா. நாள் பூரா இதுலதான் வேலை பார்த்தேன்."

அவள் கீபோர்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுலயா அண்ணா? நாலாம் நம்பர் விழலைன்னுதானே இதை ஓரமாத் தூக்கிப் போட்டேன்."