சிவப்புச் சோடா கேட்கும் பிரிண்டர்

“பிரிண்டருக்கு யாராச்சும் மாலை போடுவாங்களாக்கா?”

பாங்காக்கிலிருந்து ரிப்பேர் பார்க்க வந்திருந்த தவீ கேட்டான். பிரிண்டர் மேல் மல்லிகை மாலை. பக்கத்தில் படையலாக, ஸ்ட்ரா போட்டு வைத்த சிவப்புச் சோடா.

“அதுக்குள்ள ஒண்ணு குடியிருக்கு தம்பி,” என்றார் லமாய். அந்தப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம், விவாகரத்து எல்லாம் பதிவது அவர்தான்; இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, சான்றிதழ் அச்சாகி வந்தால் முடிந்தது. “கல்யாணச் சான்றிதழ்னா சர்ருனு துப்பும். விவாகரத்துன்னா முனகக்கூட முனகாது.”

“அதுக்கு சோடா வேற.”

“பச்சை சோடா வச்சுப் பாத்தேன். பிடிக்கல போல.”

தவீ சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தான். அரதப் பழைய விண்டோஸ். ஒயரைப் பிடுங்கிச் செருகினான். டிரைவரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டான். சோதனைத் தாள் ஒழுங்காக வந்தது.

கவுன்டரில் ஒரு ஜோடி முறைத்துக்கொண்டு நின்றது. விவாகரத்து. லமாய் மவுஸை வாங்கி ஏதோ தட்டினார். பிரிண்டர் அசையவில்லை.

“மக்கர் பண்ணுது. போய் நூடுல்ஸ் சாப்பிடுங்க. இல்லேன்னா நாளைக்கு வாங்க.”

“இவர்கூடவா? என் கிண்ணத்து மீன் உருண்டையத் திருடுவார்.”

“நீதான் திங்க மாட்டியே. வீணாப் போகணுமா?”

சண்டை போட்டபடியே ஒரே ஸ்கூட்டரில் போனார்கள்.

தவீ திரையைப் பார்த்தான். சற்றுமுன் இல்லாத ஒரு டிக், பிரிண்டரை நிறுத்தி வைக்கும் ‘ஆஃப்லைன்’ பக்கத்தில்.

“அக்கா, இது பேயில்ல. நீங்க.”

லமாய் சோடாவை ஒரே உறிஞ்சில் காலி செய்தார். “பாதிப் பேர் நாளைக்கு வர்றதே இல்ல தம்பி.”

“சேத்து வைக்கிறதா உங்க வேலை? மேல எழுதினேன்னா வேலையே போயிடும்.”

“எழுதிக்கோ.”

எழுத ஆரம்பித்தான்.

அடுத்து ஒரு பெண், கறுப்புக் கண்ணாடியோடு. கையைப் பிடித்து அழைத்து வந்தவர் அவள் அண்ணன். பின்னால் உற்சாகமாகக் கணவன்.

“அடையாள அட்டைப் படத்தோட முகத்தை ஒத்துப் பாக்கணும்,” என்றார் லமாய். “ கண்ணாடியைக் கழட்டும்மா.”

கழற்றினாள். ஒரு கண் கறுத்து வீங்கி, பாதி மூடியிருந்தது.

கணவன் கையெழுத்தை அழகாகப் போட்டான். “மச்சான் தொல்லை தாங்கல, வந்தேன். உங்க பிரிண்டர் பவிசுதான் ஊருக்கே தெரியுமே. நாளைக்குத்தான? வாடி, வீட்டுக்குப் போலாம்.”

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

டிக்கை எடுக்க லமாய் மவுஸைத் தேடிக் கை நீட்டினார். மவுஸ் தவீ கையில் இருந்தது. டிக்கை அவன் ஏற்கெனவே எடுத்திருந்தான்.

பிரிண்டர் சர்ரென்று துப்பியது.

“ரிப்பேர் சரியாயிடுச்சுங்க,” என்றான் தவீ, கணவனிடம்.

அவர்கள் போனதும் டிக்கைத் திரும்பப் போட்டான். எழுதியதை அழித்துவிட்டு, ‘பழைய மெஷின். அப்படித்தான் இருக்கும்’ என்று அடித்தான்.

பிறகு எழுந்தான்.

“சோடா தீந்துடுச்சேக்கா. இன்னொண்ணு வாங்கிட்டு வரேன். சிவப்புதான?”