பெரியப்பா தோளில் ஒரு கொத்து முடி

“கொலைகாரனைக்கூட மன்னிச்சிடலாம்டா. பழைய போட்டோவிலிருந்து ஆளை வெட்டுறவனை மட்டும் மன்னிக்கவே கூடாது” என்றார் சித்தப்பா.

பெரியப்பா வீட்டுக் கூடத்தில் சொந்தக்காரர்களின் ஐந்து கல்யாணங்களில் எடுத்த ஐந்து படங்கள் மாட்டியிருக்கின்றன. எல்லாம் ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் ஓரம் வெட்டி, பெரிதாக்கியவை. ஐந்திலும் சித்தப்பா இல்லை. பெரியப்பாவின் தோள்மேல் ஒரு கொத்து முடி மட்டும் இருக்கிறது.

“அது என் முடிடா! கூடப் பிறந்தவனையே வெட்டிட்டாரு. முழுப் படத்தையும் இன்னிக்கே குடும்ப குரூப்ல போட்டு அண்ணன் மானத்தை வாங்குறேன் பாரு.”

அதற்காகவே அத்தையின் ஆல்பத்திலிருந்து ஒரிஜினல்களை உருவிக்கொண்டு வந்திருந்தார். நான் ஸ்கேன் செய்தேன். ஐந்தும் திரையில் வரிசையாக விரிந்தன.

ஐந்து கல்யாணத்திலும் சித்தப்பா தூங்கிக்கொண்டிருந்தார். வாயைப் பிளந்து, பெரியப்பா தோளில் சாய்ந்து, அவருடைய புதுச் சட்டையில் எச்சில் ஒழுக.

“குரூப்ல போட்டுடவா சித்தப்பா?”

“நீ எழுந்திரு.”

என் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். பெரியப்பா வெட்டிய இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, சத்தமில்லாமல் வெட்டினார். முடி போனது. கூடவே பெரியப்பாவின் தோளும் போனது.