மான் பார்த்துக் கொடுத்த துப்பாக்கி

கால் நொண்டிப்போன சிறுத்தையால் மான்களைத் துரத்த முடியவில்லை. அதனால் துப்பாக்கி வாங்கச் சந்தைக்கு வந்தது. விலையும் குறைவாக இருக்க வேண்டும், குறியும் தப்பக் கூடாது. எதை எடுப்பது என்று தெரியாமல் அது விழித்துக்கொண்டு நின்றபோது, கொம்பை ஆட்டிக்கொண்டு ஒரு மான் வந்தது.

“அண்ணே, உங்களுக்குத் தெரியாததா? நீங்களே ஒன்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றது சிறுத்தை.

சிறுத்தை வாயால் அண்ணே என்று கேட்டதும் மானுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு குழலிலும் கண்ணை வைத்துப் பார்த்தது.

மூலையில் கிடந்த கோணல் துப்பாக்கி மெதுவாகச் சொன்னது: “அடேய், என்னைக் காட்டிவிடு. என் குண்டு இதுவரை எதன்மேலும் பட்டதில்லை. நீ பிழைத்துக்கொள்வாய்.”

“உன்னைக் காட்டினால் என் பெயர் என்ன ஆவது? மானுக்குத் துப்பாக்கி பார்க்கத் தெரியவில்லை என்று காடே சிரிக்கும்” என்றது மான். விலை குறைந்தவற்றில் குழல் நேராக இருந்த ஒன்றைத் தேடி எடுத்துச் சிறுத்தையிடம் கொடுத்தது.

சிறுத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. “இவ்வளவு மலிவாக இருக்கிறதே அண்ணே, குறி தப்பாதா?”

மானுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நான் பார்த்துக் கொடுத்தது தப்புமா?” என்று கேட்டுவிட்டு, எதிரே இருந்த வேலமரத்தடியில் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றது. “சுட்டுப் பார், தம்பி!”