முறிந்த அளவுகோல்

கடற்கரை நிலையத்தில் ஒரு கணினி இருந்தது. பழைய புயல் பதிவுகளில் விடுபட்ட இடங்களை, மற்றப் புயல்களைப் படித்துக் கணித்து நிரப்புவது அதன் வேலை.

"கணினியண்ணே, ஐப்பசிப் பெரும்புயலில் கடல் எதுவரை வந்தது? அதற்கு மேலேதான் நான் வளை தோண்டணும்," என்றது ஒரு நண்டு.

"அன்றைக்குப் பதிவில்லை. மற்றப் புயல்களைப் பார்த்தால், தாழம்புதர் வரைதான் வந்திருக்கும்," என்றது கணினி.

மூலையில் ஓர் அளவுகோல் கிடந்தது. முன்பு கடலில் நின்று நீர்மட்டம் அளந்து, ஐப்பசிப் பெரும்புயலில் முறிந்துபோன கோல் அது. "அதெல்லாம் என்னை முறிக்காத புயல்கள், தம்பி," என்று அது சிரித்தது.

கணினி சற்று யோசித்தது. "முறிந்த உங்களை எங்கே கண்டெடுத்தார்கள்?"

"தாழம்புதருக்கும் மேலே, பனைமேட்டில். அலைதான் கொண்டுபோய்ப் போட்டது."

கணினி மறுபடி கணக்குப் போட்டு நிமிர்வதற்குள், நண்டு பனைமேட்டுக்கு அப்பால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது.