ஜன்னல் வைத்த கூடு

குளக்கரை ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டும் காலம் அது. ஆண்குருவி பாதி பின்னியதும் பெண்குருவி வந்து பார்க்கும். அதற்குப் பிடித்தால்தான் மீதிப் பாதி.

குட்டையன் என்ற குருவி தன் கூட்டில் ஒரு ஜன்னல் வைத்திருந்தான். வந்த பெண்குருவிகள் எல்லாம், "மழை உள்ளே வருமே" என்று சொல்லிவிட்டுப் போயின. அதை அடைக்க நாரோடு பலமுறை போனான், மனசு வரவில்லை.

மற்ற கூடுகளில் குஞ்சுகள் கத்தத் தொடங்கின. இவனோடு பேச யாருமில்லை. யாரும் கேட்காத மீதிப் பாதியை ஒருநாள் தானே பின்னி முடித்தான்.

அடைமழை பிடித்தது. மூன்று கூடு பின்னி மூன்றுக்கும் ஆள் வந்துவிட்ட பக்கத்துக்கிளைக் குருவி சோலை, உள்ளே இடமில்லாமல் நனைந்துகொண்டிருந்தான்.

"உள்ள எப்படிடா இருக்கு?"

"கொஞ்சம் சாரல் அடிக்குது. ஆனா குளம் தெரியுது" என்றான் குட்டையன்.

சோலை தன் மூன்று கூடுகளையும் திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "மூணு கூடு கட்டினேன். ஒண்ணுலகூட உட்கார்ந்து பார்த்ததில்லடா."