தேர்வுக்கு வந்த நோயாளி

இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வில் ஜெசிந்தாவுக்குக் கிடைத்த நோயாளி, சந்தையில் மூட்டை தூக்கும் மாடக்கண்ணு. வயிற்றுப்புண் என்று சொல்லித்தான் அவரை வார்டில் சேர்த்திருந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் அவள் நோயைக் கண்டுபிடித்தாக வேண்டும். வயிற்றை எத்தனை முறை அழுத்திப் பார்த்தும் எதுவும் பிடிபடவில்லை. திரும்பத் திரும்பக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பதறாத தாயி," என்றார் அவர். "கழுத்துல, இடப்பக்க எலும்புக்கு மேல தொட்டுப் பாரு. வர்ற டாக்டரெல்லாம் அங்கனதான் பாக்காவ."

தொட்டாள். சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி, கல்லைப் போல இருந்தது. படித்ததெல்லாம் ஒரே நொடியில் கூடி வந்தது. இரைப்பையில் புற்றுநோய், கழுத்துவரை ஏறிவிட்டது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் அண்ணாச்சி," என்றாள்.

தேர்வாளர் வந்து கட்டிலருகே நின்று ஆங்கிலத்தில் கேள்விகள் கேட்டார். அவளும் ஆங்கிலத்திலேயே தடங்கலில்லாமல் பதில் சொன்னாள். அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்றாள். இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்டார்.

"சிக்ஸ் மந்த்ஸ், சார்."

"குட்," என்று மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மாடக்கண்ணு சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே சிரித்தார். "பாஸ்தானே தாயி?"

"பாஸ் அண்ணாச்சி."

"நல்லாயிரு." கடைசிப் பொத்தானில் அவர் கை நின்றது. "ஆறு மாசம்னு சொன்னியே, அது யாருக்கு?"