கையில் வேண்டாம்

"கையில குத்தாதீங்க டாக்டர். அப்புறம் கை வலிக்குதுன்னு நாலு நாளைக்குப் பாத்திரம் கழுவ மாட்டா."

ஊசியோடு நின்ற அக்குபங்சர் டாக்டருக்கே மாமியாரின் பேச்சு சுருக்கென்றது.

படுத்திருந்த மருமகளுக்கோ போன உயிர் திரும்பி வந்தது.

ஒற்றைத் தலைவலிக்குக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள அந்தப் புள்ளியில்தான் முதலில் கை வைப்பார்கள். ஆனால் வயிற்றில் பிள்ளை இருந்தால் அங்கே குத்துவதில்லை. டாக்டரும் ஊசியை எடுக்கும் முன்பே கேட்கத்தான் செய்தார்.

"நாள் ஏதாவது தள்ளிப் போயிருக்காம்மா?"

"இல்ல டாக்டர்."

பச்சைப் பொய். ஐம்பது நாள் ஆகிறது. பக்கத்தில் மாமியாரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வாள்?

முன்பு இரண்டு தடவை ஆசை ஆசையாக எல்லாரிடமும் சொன்னாள். இரண்டும் தங்கவில்லை. ஆளாளுக்கு வந்து ஆறுதல் சொன்னதுதான் அதைவிடக் கொடுமை. இந்தத் தடவை மூன்று மாதம் முடியும்வரை புருஷனிடம்கூட மூச்சு விடுவதில்லை என்றிருந்தாள்.

"சரி, ஊசியே வேண்டாம். பின்கழுத்துல விரலாலயே மெதுவா அழுத்தி விடறேன்" என்றார் டாக்டர்.

மண்டைக்குக் கீழே இருந்த இரண்டு குழிகளில் விரல்கள் இறங்கின. மூன்று நாளாகத் தலைக்குள் இடித்துக்கொண்டிருந்த வலி மெல்ல மெல்ல இளகியது. திரைச்சீலை காற்றில் உப்பி உப்பி அடங்கியது. படுக்கை ஓடம்போல் எங்கேயோ மிதந்து போயிற்று. போகிற வழியில் பிஞ்சுக் கை ஒன்று அவள் விரலைப் பிடித்துக்கொண்டது.

பாத்திரத்துக்காகவாவது என் கை மேல் அக்கறை வந்ததே, மகராசி நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தபடியே கண் அயர்ந்தாள்.

டாக்டர் வெளியே போய்த் திரையை இழுத்துவிட்டார். அரைத்தூக்கத்தில் குரல்கள் கேட்டன.

"தப்பா நினைக்காதீங்கம்மா. வலியில துடிக்கிற பொண்ணுகிட்டப் போய்ப் பாத்திரக் கணக்குப் பேசறீங்களே, இது நியாயமா?"

"மெதுவா பேசுங்க டாக்டர், முழிச்சுக்கப் போறா." மாமியார் குரலைத் தாழ்த்தினாள். "அவ உண்டாகியிருக்கா. வேற என்னத்தச் சொல்லி உங்களைத் தடுக்கிறது? பயம் தெளிஞ்சு அவளா சொல்லட்டும். அதுவரைக்கும் நான் பொல்லாத மாமியாராவே இருந்துட்டுப் போறேன்."